துரைமார் தூங்கிய இடம்

"…தொரைமாரு தூங்குற எடமாச்சேங்க, நாம உக்காந்தா ஏசுவாங்கள்ல?" என்று வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று அம்மா கேட்டது, எங்காவது சைப்ரஸ் மரம் ஈரத்தில் மணந்தால் இன்றைக்கும் என் காதில் விழுகிறது.

தைப்பொங்கல் லீவுக்கு நுவரெலியா பார்க்க வந்திருந்தோம். ஏரிக்கரை பெஞ்சிலிருந்து காவல்காரன் எழுப்பிவிட்டான், கடை வாசலில் முதலாளி முறைத்தார், தேயிலைக் கொழுந்துக்கூடை சுமந்து நொந்த முதுகைச் சாய்க்க அம்மாவுக்கு அந்த ஊரில் ஓரிடம் கிடைக்கவில்லை.

"ஏசுறதெல்லாம் உசிரோட இருக்கிற தொரைதான். வந்து உக்காரு புள்ள," என்றார் அப்பா.

இன்று சுற்றுலா பஸ்கள் வாசலில் வந்து நிற்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அப்போது பனிமூட்டம் மட்டுமே அசைந்துகொண்டிருந்தது. சைப்ரஸ் சருகு மெத்தையில் நம் காலடி நமக்கே கேட்காது. துரை எதிரே வந்தால் ஒதுங்கி நின்றே பழகிய அம்மா, ஒவ்வொரு கல்லுக்கும் மரியாதையாகத் தலைத்துணியை இறக்கி, விலகி விலகி நடந்தாள். சாண் அகலக் கல் ஒன்றைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இது கொழந்தையாங்க?"

 கைக்குழந்தையாகவே போய்விட்ட எங்கள் தம்பியைப் புதைத்த மேட்டில் எஸ்டேட்காரர்கள் அதற்குள் தேயிலை நட்டுவிட்டிருந்தார்கள்.

அம்மா அங்கேதான் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்க்காமல், அந்தக் கல்லைச் சுற்றி மண்டியிருந்த புல்லை இரண்டு கையாலும் கிள்ளி எடுக்கத் தொடங்கினாள்.