கனகபாய் பெயர் சொல்லாத பெரணி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெள்ளறடையில் தன் வீட்டுக்கு வரும்படி கனகபாய் வெள்ளிக்கிழமை மாலை போனில் சொன்னார். "கேமராவும் எடுத்துட்டு வாரும். அந்த இலை வந்தாச்சு." அப்படியானால் செடியின் பெயர் என்ன என்று கேட்டேன். "போன்ல சொன்னா நீரு இன்னைக்கே எழுதிப்போடுவீரு. வந்து பாரும்" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை அவர் தம்பி செல்வதாஸ் கூப்பிட்டார். "அக்கா போயிட்டா, சாரே. உறக்கத்திலயாக்கும்."

நம் பத்திரிகையில் அவர் பிழை திருத்திய காலத்தில் அவரிடம் திட்டு வாங்காத நிருபர் யாரும் நம்மில் இல்லை. உறுதி செய்யாத பெயர் செய்தியில் இருந்தால் முதலில் அதை அடித்துவிடுவார், பிறகுதான் நம்மிடம் கேட்பார். "தெரியலன்னா தெரியலன்னு எழுதும். அதுல என்ன குறச்சல்?"

ஓய்வு பெற்றபின் அந்தக் கண்டிப்பு ஒரு பெரணிச் செடியிடம் போய்ச் சேர்ந்தது. ரப்பர் தோட்டத்து ஓடைப் பாறையில், வெயிலே படாத இடுக்கில் நின்ற செடி அது. ஓடையை மூடிப் பாதை போட வந்தபோது வேரோடு எடுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் பலாமர நிழலில் கல்லும் தேங்காய்த் தொண்டும் அடுக்கி வைத்தார். கோடையில் சுற்றிலும் கொடியில் ஈரச் சாக்கு தொங்கும். துணி காயப்போடக் கொடி இல்லை என்று செல்வதாஸ் முனகுவார்.

செடி தழைத்தது. பெயர்தான் கிடைக்கவில்லை. பெரணி பூக்காது, இலையின் அடியில் பழுப்புத் தூளாக இருக்கும் வித்தைப் பார்த்துத்தான் இனம் சொல்ல வேண்டும். இதுவோ அகன்ற இலைகளையே விட்டது. அடிப்பக்கம் வெறும் பச்சை. வித்துக்கென்று ஒடுங்கலாய் வேறொரு இலை விடும் சாதி என்றும், அதற்குக் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குப் பொறுமையில்லை. போனில் படம் பிடித்துத் தேடினேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் வந்தது. இருப்பதில் அரிதாகத் தோன்றியதை வைத்து ஞாயிறு மலருக்கு எழுதி அவரிடம் காட்டினேன். வாசித்தார்.

"அடிப்பக்கம் பாத்தீரா?"

இல்லை என்றேன்.

"அப்ப இது உமக்க பேரு. செடிக்க பேரில்ல."

கட்டுரை அத்தோடு நின்றது.

சனிக்கிழமை நான் போனபோது பந்தல் போட்டிருந்தது. முற்றத்தில் ஒரு சருகு கிடையாது. துக்கம் கேட்க ஆட்கள் வருமுன் வீட்டைச் சுற்றிப் பெருக்கிக் குப்பையை எரித்துவிடுவது இங்கே வழக்கம். கனகபாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனேன். பெரணி நன்றாகக் கழுவிவிட்டதுபோல் நின்றது. அகன்ற இலைகள் மட்டும். நடுவே ஒரு காம்பு பிய்ந்திருந்தது.

செல்வதாஸைக் கேட்டேன்.

"ஒரு இலை மெலிஞ்சு, கருகினமாதிரி நின்னது, சாரே. நாலு ஆளு வருவாங்கல்லா. அக்காக்க செடி மோசமா நிக்கப்பிடாதுன்னு நானாக்கும் பிச்சேன்."

எங்கே என்றேன். சருகோடு தீ வைத்ததாகச் சொன்னார். சாம்பலைக் குச்சியால் கிளறினேன். கிளறி என்ன ஆகப்போகிறது? அழுது வீங்கிய கண்ணோடு பக்கத்தில் நின்றவரிடம் அக்கா காத்திருந்த இலை அதுதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கனகபாய் மீதுதான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பெயர் தெரிந்துவிட்டதா, தூளைப் பார்த்தாரா, அதுவும் இனித் தெரியாது.

அடக்கம் கழிந்து செல்வதாஸ் செடியை எனக்கே தந்தார். நெய்யாற்றின்கரையில் என் கிணற்றடி நிழலில் நிற்கிறது. காய்ந்ததுபோல் இருந்தாலும் இலையைத் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். காலையில் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன், பச்சை. வருகிறவர்கள் என்ன செடி என்று கேட்கிறார்கள். ஏதாவதொரு பெயர் சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது.

தெரியாது என்கிறேன்.