சவரிமுத்துவின் ஒன்பது நகரங்கள்

ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் இருபத்தெட்டு வருடம் தண்ணீர் திறந்துவிட்டவர் சவரிமுத்து. ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு மோட்டார், ஒன்பது தெரு. மோட்டார் எரிந்துபோகும் நாட்களில் பெண்கள் காலிக்குடங்களோடு பஸ்ஸை மறிப்பார்கள். அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் அவர் எல்லாத் திட்டையும் வாங்கி முடித்திருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு, மகள் சுகன்யா மேரி விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. பேரரசை ஆளும் விளையாட்டு. நகரங்களைப் பிடிப்பது சுலபம். அவை கலகம் செய்யாமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு நகரத்தின் கீழும் மக்களின் கோபத்தைக் காட்டும் பட்டை இருக்கும். நூறைத் தொட்டால் நகரம் கைவிட்டுப் போகும். படை உள்ளே இருந்தால் கோபம் இறங்கும். சவரிமுத்து ஒன்பது நகரங்களோடு நிறுத்திக்கொண்டார்.

"ஊருப் பொம்பளைங்ககிட்ட முப்பது வருசம் வாங்குனது பத்தலையா? இப்ப பொட்டிக்குள்ள வேற போய் வாங்கணுமா?" என்பாள் மனைவி மரிய புஷ்பம்.

"இவங்க கையில குடம் இல்ல, புஷ்பம்."

சுகன்யா சென்னையில் தொழிற்சாலை எந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமை போனில், "மூணாந்தெரு இன்னிக்கி கோவமா இருக்கு பாப்பா" என்று ஆரம்பிப்பார். விளையாட்டு நகரங்களையும் அவர் தெரு என்றுதான் சொல்வார். அவள் சரிப்பா, சரிப்பா என்றபடி துணி மடிப்பாள்.

பிப்ரவரியில் பக்கவாதம். வலது பக்கமும் பேச்சும் போயின. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் எதையும் பார்க்காமல் கிடந்தவர், சென்னையிலிருந்து வந்த சுகன்யா லேப்டாப்பைத் திறந்து வைத்ததும் கண்ணைத் திருப்பினார்.

"நீங்க எந்திரிச்சு வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்பா. ஒரு நகரம்கூடப் போகாது" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

ஒன்பது நகரத்திலும் கோபம் முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் நின்றது. படை ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்று நினைத்தாள். அதிகக் கோபமுள்ள நகரத்தில் படையை நிறுத்தி, அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் மற்றவை எழுபதைத் தாண்டின. இன்னொரு படை திரட்ட வரியை ஏற்றினாள். படை சேருவதற்குள் எல்லாப் பட்டையும் ஒன்றாக ஏறின. அன்று சாயங்காலம் இரண்டு நகரம் சிவப்பாகிக் கைவிட்டுப் போயின.

சவரிமுத்து இடது கையைத் தூக்கினார். விரல்களை மடக்கிக் காற்றில் மெல்லத் திருப்பினார்.

"தண்ணி வேணுமாப்பா?"

ஸ்பூனைக் கொண்டுபோனாள். உதட்டை இறுக்கிக்கொண்டு மறுபடியும் திருப்பினார்.

டிபன்பாக்ஸ் கழுவிவிட்டு வந்த மரிய புஷ்பம் பார்த்தாள். "வால்வு திருப்புறாருடி."

"என்ன வால்வு?"

"தெருவுக்கு ஒரு மணி நேரம். கத்துனாலும் கத்தாட்டியும் முறை மாத்த மாட்டாரு. கத்துற தெருவுக்கு மொதல்ல தொறந்தா, நாளைக்கி எல்லாத் தெருவும் கத்தும்பாரு."

சுகன்யா திரையைப் பார்த்தாள். முதலில் பார்த்த அந்த ஒன்பது எண்களும் ஒரு முறைவைப்பு. ஒற்றைப் படையை அவர் நகரம் நகரமாகச் சுற்றவிட்டு, எதையும் பூஜ்யமாக்காமல், எதையும் கொதிக்கவிடாமல் வைத்திருந்திருக்கிறார். பழைய நிலைக்குத் திரும்பலாமா என்று தேடினாள். அந்த வசதியை அவர் ஆரம்பத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்.

பிறகு அவர் விரல் காட்ட, அவள் நகர்த்தினாள். ஐந்து காட்டினார். படை ஐந்துக்குப் போவதற்குள் ஏழு போனது. இரண்டு காட்டினார். வழியிலேயே இரண்டு போனது. அவர் காட்டியது சரி, அவள் செய்ததும் சரி. நாளுக்கொரு நகரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. படை உள்ளேயே நின்றது. தானியம் தந்துகொண்டிருந்த நகரங்கள் போய்விட்டதால் அங்கே சோறு இல்லை. கோபம் தொண்ணூற்றேழு.

"இப்ப என்னப்பா செய்யறது?"

அவர் உள்ளங்கையை விரித்துப் படுக்கை விரிப்பின்மேல் வைத்தார். அவள் அடுத்த சுற்றுக்கான பொத்தானை அழுத்தினாள். நகரம் போனது.

"வரிய ஏத்தினது என் தப்புப்பா. அன்னிக்கே எறக்கியிருந்தா..."

"போதும்டி, விடு" என்றாள் மரிய புஷ்பம்.

சவரிமுத்து இடது கையால் லேப்டாப்பின் மூடியைத் தள்ளினார். பாதிதான் சாய்ந்தது. மீதியைச் சுகன்யா மூடினாள்.

அதற்குப் பிறகு பதினொரு நாள்தான் உயிரோடு இருந்தார். அவள் தினமும் சார்ஜ் போட்டு எடுத்து வந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.