பாங்காக் போகும் வேன்

மலேசியாவின் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குத் தினமும் ஒரே வேனில் போகும் பெண்கள் நாங்கள் நால்வர். அன்று காலை ஜொகூர் பாலத்தில் ஒரே நெரிசல். வேன் நகரவே இல்லை. பொழுது போகாமல், பாங்காக்கையும் சைகோனையும் நான்கே நாளில் பார்த்துவரத் திட்டம் போட்டோம். கோயில், படகுச் சவாரி எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. சாப்பாடுதான் முடியவில்லை. நான் எழுத எழுத, ஒரு நாளைக்கு ஒன்பது வேளை ஆகிவிட்டது.

"அலமாக், ஐயையோ, அப்ப எப்பலா தூங்குறது?" என்றாள் பின்னால் இருந்த தோழி.

"பிளேன்ல தூங்கிக்கலாம்," என்றார் எங்களில் மூத்த அக்கா.

சிரித்து முடிப்பதற்குள் குடிநுழைவுச் சாவடி வந்துவிட்டது. அங்கிருந்த தமிழ் அதிகாரி அக்காவின் கடப்பிதழை வாங்கிக்கொண்டு, "எங்க போறீங்க?" என்று கேட்டார்.

"பாங்காக்," என்றார் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல்.

அதிகாரி எங்கள் தொழிற்சாலைச் சீருடையைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார்.

"வேன்லயேவா?" என்றவர், சிரிப்பை அடக்கமாட்டாமல் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலையிடம் சேரும்வரை வயிறு வலிக்கச் சிரித்தோம். மதிய இடைவேளையில் நால்வருக்கும் நிஜமாகவே பாங்காக்குக்கு டிக்கெட் போட்டேன். என் போனில் அது வந்து விழுந்ததும், அதுவரை விமானமே ஏறியிராத அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.