பத்தியத்துக்கு நடுவே இரண்டு வாரம்

அந்த நாட்களில், சாயங்காலம் எங்கள் சந்தில் கஞ்சி வடிக்கிற நேரத்தில் நான் வீட்டுக்குள் நுழைவதில்லை. வடாலாவில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த பட்டறையிலிருந்து தாராவிக்கு நடந்தே வருவேன். வந்தும் சந்து முனையில் நின்று, கவிழ்த்து வைத்த பானைகளெல்லாம் நிமிர்ந்திருக்கும் என்று தோன்றிய பிறகுதான் உள்ளே போவேன். புழுங்கலரிசி வெந்து வடிகிற வாசனை அடுத்த வீட்டிலிருந்து வந்தாலும் எதிர்வீட்டிலிருந்து வந்தாலும் என் வீட்டு வாசனைதான். அதைத் தாண்டிப் போய் இரண்டு சப்பாத்தியும் வேகவைத்த காயும் தின்ன வேண்டும்.

நான் பருமனாக இருந்தேன். சந்துப் பிள்ளைகள் என்னை 'மோட்டா' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா தோல் பட்டறையில் ஈரத்தோல் சுமந்து சுமந்து எலும்பாகவே இருந்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். முதன்முதலாகச் சதை பிடித்தவனும் நான்தான். அம்மாவுக்கு இரண்டும் ஒன்று. ரேஷனில் அரிசி கொஞ்சமாகவும் கோதுமையும் சிவப்புச் சோளமும் நிறையவும் கிடைத்த காலம் அது. "படிக்கிற பிள்ளைக்கு மூளைக்குள்ள சோறு போவணும்" என்று சொல்லி, அரிசியில் பெரும்பங்கை எனக்கே வடித்தாள். மற்றவர்கள் சோளத்தைத் தின்றார்கள். அப்படித் தின்று நான் மெட்ரிக் முடித்தேன்.

டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு எழுதிப் போட்டு, பரீட்சையும் தேறினேன். உயரமான இரும்பு ஏணிகளில் ஏறி இறங்குகிற வேலை. அங்கே உடம்பைப் பார்த்த டாக்டர், "நெஞ்சு நல்லா இருக்கு. இந்த எடையோட ஏணி ஏறமுடியாது. குறைச்சுட்டு அடுத்த வருஷம் வா" என்று அனுப்பிவிட்டார். அப்பாவின் இருமல் அதற்குள் தோல் பட்டறையைத் தாண்டி வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. அந்த வேலை கிடைத்தால் அவரை உட்காரவைத்துவிடலாம் என்பது ஒன்றுதான் என் நினைப்பு. மாட்டுங்காவில் ஒரு டாக்டரைத் தேடிப் போனேன். சோற்றை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சொல்தான் கிடைத்தது: பத்தியம். மருந்து தின்கிறவன் உப்பு, புளி தள்ளி வைப்பதை அவள் அறிவாள். என் பங்கு அரிசி தங்கைக்குப் போயிற்று. "அண்ணன் மெலியதுல லாபம் எனக்குத்தான்" என்று தட்டை நிரப்பிக்கொண்டு என் எதிரில் வந்து உட்காருவாள். சோற்றை அவள் உருட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். "கண்ணு வைக்காதல, வயிறு வலிக்கும்" என்பாள் அம்மா. அது எனக்குச் சொன்னதா, தங்கைக்காகச் சொன்னதா என்று தெரியாது.

பல மாதம் இறங்கிக்கொண்டே வந்த எடை, மழைக்காலம் முடிகிறபோது நின்றுவிட்டது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. கணக்கில் கூட்டல் தப்பியது. கனவில்கூடச் சோறுதான், அதுவும் பழைய சோறு, வெங்காயத்தோடு. மாட்டுங்கா டாக்டர் என்னைத் தராசில் ஏற்றி இறக்கினார்; முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோப்பா."

"பட்டறையில லீவு தரமாட்டாங்க சார்."

"வேலைக்கு யார் சொன்னா? இந்தப் பட்டினிக்கு லீவு. எல்லாரும் சாப்பிடற மாதிரி நீயும் ஒரு வேளை சாதம் சாப்பிடு. வயிறு போறும்னா நிறுத்திக்கோ. எடை குறையவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பழையபடி."

பட்டினி கிடக்கச் சொன்னபோது வராத பயம் அப்போது வந்தது. ஒருமுறை தொட்டால் நிறுத்துவேனா? அப்பாவின் இருமலை நினைத்து இத்தனை மாதம் வாயைக் கட்டியிருந்தேன். ஒரு கவளம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டால்?

வீட்டுக்குப் போய், "டாக்டர் சோறு திங்கச் சொல்லிட்டாரு" என்றேன். "ரெண்டு வாரம்" என்பதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். பத்தியம் முடிந்தால் முறிப்பு என்று ஒன்று உண்டே, அதற்கு.

மறுநாள் ஞாயிறு. சந்துக் குழாயடியில் வைத்து என் தலையில் எண்ணெயைத் தேய்த்து, பச்சைப்பிள்ளையைப் போலக் குளிப்பாட்டினாள். தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அத்தை குடத்தை இறக்கிவிட்டு நின்றாள்.

"என்ன மைனி, பிள்ளைக்கு முறிப்பா?"

"ஆமா. இனி என் பிள்ள சோறு திம்பான்."

"பாவம், உம்ம மவளுக்குத்தான் பஞ்சம் வருது" என்று அத்தை சிரித்தாள்.

பத்தியத்துக்கு ஆகாதவை என்பதாலேயே அன்று கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. நாலு பேரும் பானையைச் சுற்றி உட்கார்ந்தோம். கடைசிச் சில மாதம், தங்கை தட்டைப் பார்க்காமலிருக்க நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்து வெளியே போய்விடுவேன். அப்பா தன் தட்டிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தார். முதல் கவளத்தை உருட்டி வாயில் போட்டேன். தங்கைகூட அன்று என்னைக் கேலி செய்யவில்லை.

டாக்டர் சொன்ன இடத்தில் வயிறு போதும் என்றது. ஆச்சரியமாக இருந்தது. அம்மா அகப்பையோடு காத்திருந்தாள். நான் கையால் தட்டை மறைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரமும் பட்டறையில் கூட்டல் தப்பவில்லை. சந்து முனையில் நிற்கவில்லை. கஞ்சி வடிகிறபோதே உள்ளே போய், பானை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வடிகஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தேன். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அதற்காக ஏங்கினேன். நாள் குறைவதை நான் ஒருவன்தானே அறிவேன். அம்மா எல்லாரிடமும் முடிந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் தராசில் ஏறினேன். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது. "நல்லது. நாளையிலேர்ந்து ஆரம்பி" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நாளையில இருந்து எனக்கு வடிக்க வேண்டாம்மா."

கை நின்றது. "ஏம்ல? முறிச்சாச்சுல்லா?"

"முறிக்கல. டாக்டர் ரெண்டு வாரம்தான் விட்டாரு. நான்தான் சொல்லல."

முறித்த பத்தியத்தைத் திரும்பப் பிடித்தால் மருந்து எதிர்த்து நிற்கும் என்பது அவள் நம்பிக்கை. அழுவாள் என்று நினைத்தேன். களைந்த தண்ணீரை இறுத்து ஊற்றிவிட்டு, இன்றைக்கே என் பங்கில் ஒரு கை அரிசியை அள்ளி முறத்தில் காயப்போட்டாள்.

"மறுபத்தியம்னு சொல்லக்கூடாதா" என்றாள். "பத்தியம் இருந்தா, பொறவு மறுபத்தியம் இருக்கணும்லா. அது தெரியாமலா இருக்கேன் நானு? படிச்சவன் ஒருத்தன் வந்துட்டான், ஒழுங்காச் சொல்லத் தெரியாம."

எனக்குத் தெரியாத ஒரு வாசலை அவளே திறந்து என்னை உள்ளே விட்டாள். மறுநாள் சப்பாத்தி. தங்கை தட்டை நிரப்பிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் சுவரைப் பார்த்து உட்காரவில்லை.

அடுத்த வருஷம் என்னை எடுத்துக்கொண்டார்கள். அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். டிராம்பேயில் ஏணிகளில் ஏறுகிறேன். கேன்டீனில் தகர அண்டாவில் சோறு ஆவி பறக்கும். யாரும் அளந்து போடுவதில்லை. நானே அளந்து போட்டுக்கொள்கிறேன், அது கஷ்டமாக இல்லை. என் ஷிப்ட் பெரும்பாலும் மத்தியானம் தொடங்குகிறது. எங்கள் சந்தில் கஞ்சி வடிக்கிற நேரத்தில் நான் இரும்பு உச்சியில் நிற்கிறேன். கீழே கழிமுகத்துச் சேறு. காற்றில் எண்ணெய் நாற்றம். வீட்டில் என் தட்டு மூடியிருக்கும். பஸ் பிடித்துப் போய்த் திறக்கிறபோது சோறு ஆறியிருக்கும், மூவரும் தூங்கியிருப்பார்கள்.

லீவு வருகிற நாளில் மட்டும் சாயங்காலத்துக்கு வெகுநேரம் முன்னாலேயே சந்துக்குள் வந்துவிடுகிறேன். அம்மா பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்கிறாள்: "ஏல, இன்னைக்கு முறிப்புதான?"

நான் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன்.