கொசு கேட்காமல் குத்திய நாள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் கொசு. ரத்தம் எடுப்பது அவள் வேலை. கொசுவாவது கடித்தால் தெரியும், இவள் குத்தினால் தெரியாது. செங்கல்லை நீட்டினாலும் அதில் நரம்பைத் தேடிப் பிடித்து இரண்டு மில்லி எடுத்துவிடுவாள் என்று பேச்சு. ஒரு பயில்வான் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாராம்; அவர் தரையைத் தொடுவதற்குள் சாம்பிள் எடுத்து லேபிளும் ஒட்டிவிட்டாளாம். மயங்குவதற்கு முன்னால் சம்மதம் கேட்டுவிட்டாள் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள்.

ஏனென்றால் அது அவள் வழக்கம். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, "குத்தவா?" என்பாள். தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கைக்குழந்தை என்றால் தாயைக் கேட்பாள். பிறகு ரிஜிஸ்டரில் 'சம்மதம்' என்ற கட்டத்தில் 'ஆம்' என்றோ 'மறுத்தார்' என்றோ எழுதுவாள். லேபில் மற்றவர்கள் சாயங்காலம் அந்தக் கட்டங்களில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொன்றாக எழுதினாள்.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவளுடைய அக்கா புருஷனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். ரிப்பேருக்குக் கொடுத்திருந்த டேபிள் ஃபேனை வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தவர் மீது ஒரு கார் ஏறிவிட்டது. பின்னாலேயே போலீஸ் ஜீப்பில் ஃபேனும் வந்தது. அதில் ஒரு கீறல் இல்லை. மனிதர்தான் வழியிலேயே போய்விட்டார். அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தவரே அந்த மாமாதான்.

அரை மணி கழித்துக் காரை ஓட்டியவரை சப்-இன்ஸ்பெக்டர் ரத்தம் எடுக்கும் அறைக்குக் கூட்டிவந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. அறை முழுக்கச் சாராய நெடி. ஊதச் சொல்லிப் பார்க்கிற மெஷினில் பேட்டரி தீர்ந்து ஒரு மாதமாகியிருந்தது.

"எனக்கு வேண்டாம். எடுக்கக் கூடாது," என்றார் அந்த ஆள், நாக்குக் குழற. "என் வக்கீல் வரட்டும்."

"மாஜிஸ்திரேட்டுக்கு ஃபோன் போட்டா பத்து நிமிஷத்துல உத்தரவு குடுத்துடுவாரு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஆனா அதுக்குள்ள நூறு கேள்வி கேப்பாரு. நீங்க எடுங்கம்மா. செத்தவர் உங்க மாமாவாமே?"

இரண்டு கான்ஸ்டபிள்கள் கையை அழுத்திப் பிடித்தார்கள். அவள் பட்டையைக் கட்டினாள். வழக்கமான 'குத்தவா?' மட்டும் வரவில்லை. அடுத்த அறையில் மாமாவின் ஒற்றைச் செருப்பு தெரிந்தது. குத்தினாள். அந்த ஆள் அலறினார். அவள் ஊசி ஒருவருக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

அன்று ரிஜிஸ்டரில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

எட்டு மாதம் கழித்துக் கேஸ் விசாரணைக்கு வந்தது. ரிப்போர்ட்டில் சாராயத்தின் அளவு வரம்புக்கு மூன்று மடங்கு. சாட்சிக்கூண்டு ஏறுவதற்கு முந்தின நாள் கொசு அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் அந்த ஃபேன், கடைக்காரர் கட்டிக்கொடுத்த கயிறுகூட அவிழ்க்காமல்.

"'எழுத மறந்துட்டேன், ஆனா அவரு சம்மதிச்சாரு'ன்னு உன்னச் சொல்லச் சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிட்டுப் போனாரு," என்றாள் அக்கா. "ஒரே ஒரு 'ஆமா' சின்னவளே. சொல்லிட்டு இறங்கி வா. அவன் உள்ள போகட்டும்."

"அவன் ஆமான்னு சொல்லலியேக்கா."

"உங்க மாமாவ மட்டும் கேட்டுட்டா ஏத்துனான்?"

கொசு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இத்தனை ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கீங்க. இந்த ஒருத்தருக்கு மட்டும் கட்டம் காலி. பேனாவுல மை தீந்துபோச்சாம்மா?"

கோர்ட்டில் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் அக்கா சிரிக்கவில்லை. உதடு மட்டும் 'ஆமா' என்று அசைந்தது.

குத்தும்போது தன் விரல்நுனியில் அந்த ஆளின் கை உதறியது கொசுவுக்கு ஞாபகம் வந்தது.

"மை இருந்துச்சு," என்றாள். "நான் கேக்கல. அவரு வேண்டாம்னாரு. கையப் புடிச்சுக்கிட்டாங்க. குத்தினேன்."

நீதிபதி நீளமாக எழுதினார். சம்மதமும் இல்லாமல், கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய உத்தரவும் இல்லாமல் ஒருவர் உடம்பிலிருந்து ரத்தம் எடுக்க அரசியல் சாசனம் போலீசுக்கு இடம் கொடுக்கவில்லை, குடித்தவனுக்கும் அது பொருந்தும், ரிப்போர்ட் செல்லாது. அது போனதும் குடித்துவிட்டு ஓட்டிய குற்றமும் போனது. கவனக்குறைவு மட்டும் மிஞ்சியது. அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. அந்த ஆள் வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

அவள் உண்மையைச் சொல்லித்தான் அவனைத் தப்பவிட்டாள் என்றது சொந்தபந்தம். அவளுக்கோ அதைவிட மோசமான ஒன்று தெரிந்திருந்தது. அவன் தப்பியது கோர்ட்டில் அல்ல, அந்தப் பிற்பகலிலேயே. சப்-இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்தார், இவள் ஒரு வார்த்தையை. 'உத்தரவு வாங்கிட்டு வாங்க சார்' என்று ஊசியைக் கீழே வைத்திருந்தால் அந்த ஆள் இன்றைக்குக் கம்பி எண்ணிக்கொண்டிருப்பான்.

அக்காவுக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தடவை அதே லேபுக்குத்தான் வர வேண்டும். வந்தால் அடுத்த மேஜையில் உட்கார்ந்து, பாதி ஊசியைத் தப்பாகக் குத்துகிற பெண்ணிடமே கையை நீட்டுவாள். தீர்ப்புக்குப் பின் ஐந்தாம் மாதம் அந்தப் பெண் லீவு. டோக்கன் கொசுவின் மேஜைக்கு விழுந்தது.

அக்கா சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினாள். கை இளைத்திருந்தது. பழைய தழும்புகளுக்கு நடுவே கொசு நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டும் குத்தியிருக்கலாம்.

"குத்தவாக்கா?"

அக்கா திரும்பி, கோர்ட்டுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்."

கொசு பட்டையை அவிழ்த்தாள். கையில் பட்டை பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டாள். அக்கா எழுந்து போனதும், ரிஜிஸ்டரை இழுத்து, அந்தக் கட்டத்தில் 'மறுத்தார்' என்று எழுதினாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.