அண்ணாவின் படகைப் பழசாக்கியது

கடலில் அகப்பட்டுத் தப்பி வந்தவர்கள் அந்தோனியார் கோயிலில் சிறிய படகு ஒன்று செய்து வைப்பது எங்கள் நாயாற்றுக் கரையில் வழக்கம். புது வர்ணம் பூசிய படகு என்றால் ஆள் திரும்பிவிட்டான் என்று பொருள். கடலுக்குப் போன அண்ணா இரண்டு நாளாகியும் வராதபோது அம்மாவும் அந்த நேர்த்திக்கடனை வைத்தார். அப்பா ஒரு வேப்பங்கட்டையைக் குடைந்து, முழங்கை நீளத்தில், அண்ணாவின் படகையே செய்தார். அதே நீலம், அதே இலக்கம். அவர் வர்ணம் பூசி முடித்த அன்றுதான் யாரோ அவருடைய போனுக்கு ஒரு படம் அனுப்பினார்கள். திருகோணமலைப் பக்கம் அண்ணாவின் படகு கவிழ்ந்து மிதந்தது. ஆள் இல்லை.

மூன்று வருடமாக அந்தச் சின்னப் படகு அலுமாரிக்கு மேலே ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. ஏதோ ஒரு கப்பல் அண்ணாவை ஏற்றியிருக்கும், எந்த நாட்டு மறியலிலோ அடைபட்டிருக்கிறான் என்றார் அப்பா. இறந்தவர்களுக்கான பூசையில் அண்ணாவின் பெயரை வாசிக்க அவர் விடவில்லை.

போன ஒக்டோபர் கடைசியில் நான் லீவில் வந்தபோது அம்மா படகை இறக்கி என் மடியில் வைத்தார்.

“இதைப் பழசாக்கித் தா பிள்ளை. மரிச்ச ஆத்துமாக்களின்ர திருநாளுக்குக் கொண்டுபோய் வைக்கப்போறன்.”

“ஏனம்மா? இப்பிடியே வையுங்கோவன்.”

“புதுசா வைச்சா சனம் அவன் வந்திட்டான் எண்டெல்லே நினைக்கும். அந்தோனியாரும் அப்பிடித்தான் நினைப்பார்.”

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார்.

“ஆரைக் கேட்டு இறக்கினனீ?”

“நான் வைச்ச நேர்த்தி. நான் ஆரைக் கேக்கவேணும்?”

“அவன் வந்து நிண்டா என்ன சொல்லுவாய்?”

“வரட்டும். வந்தா ரண்டு படகு வைக்கிறன்.”

அப்பா வலையைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மல்லாவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். அதில் எனக்கு வெட்கமில்லை. அண்ணா எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனதால்தான் நான் படித்தேன் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுக்காக நான் செய்யக்கூடியதென்று இந்த ஒரு வேலைதான் மிச்சம். அதைத் திறமாகச் செய்ய நினைத்தேன்.

போனில் இரண்டு மூன்று வீடியோக்கள் பார்த்தேன். விளிம்புகளில் நீலத்தை அரத்தாளால் தேய்த்து மரத்தை வெளியே எடுத்தேன். கடும் தேயிலைச் சாயத்தண்ணீர் தடவிக் காயவிட்டேன். துருப்பிடித்த ஆணிகளை ஒரு நாள் முழுக்க வினாகிரியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மேலே பூசினேன். தேயிலைச் சாயமும் இரும்பும் சேர, மரம் என் கண்முன்னே நரைத்தது. நூறு வருடம் வெயிலில் கிடந்ததுபோல இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லாயிருக்கு என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பார்க்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த அப்பா, தேத்தண்ணிக் கோப்பையோடு மேசையருகில் நின்றுவிட்டார்.

“இதென்ன நிறம்?”

“பழைய மரம் இப்பிடித்தானப்பா வரும்.”

“அவன்ர படகு மரமோடி? அது பைபர் போட். தேய்ஞ்சா உள்ளுக்கால வெள்ளையெல்லே தெரியும். கம்பஸில இதையோ படிப்பிச்சவங்கள்?”

எனக்கு முகம் எரிந்தது. மரத்தில் செய்த படகை மரப்படகாகவே நினைத்துவிட்டேன். பத்து வருடம் அந்தப் படகில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு தடவையும் அதைப் பார்க்கவில்லை.

அப்பா விடவில்லை.

“ரண்டு பக்கத்தையும் ஒரேமாதிரித் தேய்ச்சு வைச்சிருக்கிறாய். அவன் இடக்கையன். இடப்பக்கத்தாலதான் வலை இழுக்கிறவன். வலப்பக்கத்தில ஒரு கீறலும் இராது.”

கோப்பையை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மீந்திருந்த நீல, வெள்ளை வர்ண டின்களை எடுத்து வரச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் மறுபடி நீலம் பூசி, அது காய்ந்ததும் சோக்குத்தூள் தேய்த்து வெளிறவைத்தார். இடது விளிம்பில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், வலை உரசும் இடத்தில் மட்டும் வெள்ளை வைத்தார். இயந்திரம் பூட்டும் இடத்தில் விரலால் கிறீஸ் தடவினார். அடியில், மணலில் இழுபடும் கோடுகளை ஆணியால் கீறினார். குசினி வாசலில் அம்மா வந்து நின்றார். அப்பா என்ன செய்கிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். படகு கொஞ்சம் கொஞ்சமாக அண்ணாவுடையதாகிக்கொண்டு வந்தது.

மத்தியானம் தாண்டி, தூரிகையைத் துடைத்துக்கொண்டே அவர் அம்மாவைக் கேட்டார்.

“பாதரிட்டப் பேர் குடுத்திட்டியோ?”

“இல்லை. நீங்கள் விட்டாத்தானே.”

“பிள்ளை எழுதட்டும்.”

கோயிலில் தந்த தாளை எடுத்துவந்து அண்ணாவின் முழுப்பெயரை எழுதினேன். பக்கத்தில் இறந்த திகதிக்கு ஒரு கட்டம் இருந்தது. எதை எழுதுவதென்று தெரியவில்லை. படகு கண்ட நாளைப் போடவா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

“அது இல்லை. அவன் கடலுக்குப் போன அண்டைக்கே,” என்றார் அப்பா. “பின்னேரம் காத்து மாறினது. கரையில நிண்டனான். அப்பவே எனக்குத் தெரியும்.”

நான் அந்தத் திகதியை எழுதினேன்.