எதிரறையிலிருந்து வந்த முட்டை

1. கதவில் ஒட்டிய காகிதம்

அன்று காலை வேலைக்குப் போனபோது முன்கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். சின்ன இங்கிலீசுச் சொல் என்றால் கூட்டி வாசித்துவிடுவேன். அதில் இருந்ததெல்லாம் நீளச் சொற்கள். மணியை அடித்தேன். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய ஒருவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் என்னை உள்ளே விட்டுத் திரும்பவும் பூட்டினார்.

அது யூத வயோதிபர் இல்லம். தொண்ணூறுகளில் நான் அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை செய்தேன். ரொறன்ரோ ஓரம் மில்லிக்கனில் மகன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டும். நிலம் துடைப்பது, கக்கூஸ் கழுவுவது, குப்பை எடுப்பது. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. அதனால்தான் எனக்கு அது பிடித்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிறத்தியாரோடு கதைப்பதென்றால் தமிழிலேயே வெட்கம், இங்கிலீசைக் கேட்கவே வேண்டாம்.

அந்தக் குளிர்காலம் ரொறன்ரோ எங்கும் காய்ச்சல். எங்கள் இல்லத்துக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்க வரக்கூடாது, வயோதிபர்கள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். வேலைக்காரரில் பாதிப் பேர் படுக்கையில். சூப்பர்வைசர் என்னைப் பிடித்து, இன்றிலிருந்து மூன்றாம் மாடிக்குச் சாப்பாட்டு ட்றேயும் நீதான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

அது சும்மா வேலை இல்லை. அவர்களுடைய சமயப்படி இறைச்சியும் பாலும் ஒரே ட்றேயில் வரக்கூடாது. வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது. என் புட்டுப் பெட்டியை வேலைக்காரர் அறைக்கு அப்பால் கொண்டுபோக முடியாது. இப்போது காய்ச்சல் சட்டமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வோர் அறைக்கும் உடுப்புக்கு மேல் போடப் புதுக் கவுண், புதுக் கையுறை, புது மாஸ்க். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வாளிக்குள் போட்டுக் கை கழுவவேண்டும். அடுத்த அறைக்கு மறுபடியும் உடுக்கவேண்டும். கலியாணப் பெண்கூட ஒரு நாளில் இத்தனை தரம் உடுப்பு மாற்றமாட்டாள்.

இப்போது இந்த வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள், "அந்தக் கிழவி சரியான கரைச்சல்" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்கிறேன். கரைச்சல்தான், நான் மறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. எதிரெதிர் அறைகள்

மூன்றாம் மாடியின் கடைசியில் ஈடா என்ற அம்மாவின் அறை. அதற்கு நேர் எதிரே பெசி என்ற அம்மாவின் அறை. இரண்டு பேருக்கும் எண்பது வயதுக்கு மேல். ஒரே பாஷை, ஒரே சாமி, ஒரே பகிடிகள். ஆனால் ஒரு வருடமாக ஈடா பெசியோடு பேசுவதில்லை.

காரணம் மீன். உப்பிலும் காடியிலும் ஊறிய மீன் போத்தல் ஒன்றை ஈடா யன்னலோரக் குளிரில் ஒளித்து வைத்திருந்தார். மணம் தாங்கவில்லை என்று பெசி ஒஃபிசில் சொல்லிக் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசர் சொல்லி நான்தான் போத்தலை எடுத்து எறிந்தேன். என்னை ஈடா கோபிக்கவில்லை. பெசியை மட்டும் அன்றோடு விட்டுவிட்டார். சாப்பாட்டு மண்டபத்தில் நான் மேசை துடைக்கப் போனால், "அந்த மனிசியிட்டை உப்பைத் தள்ளச் சொல்லு" என்பார். அந்த மனிசி உப்புப் போத்தலோடு ஒரு முழத் தூரத்தில் இருப்பார்.

அவர்கள் பேசியது இங்கிலீசு. எனக்கு விளங்கினபடி எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

காய்ச்சல் ஈடாவுக்கு வந்தது. பெசிக்கு வரவில்லை. இரண்டு கதவும் மூடியே இருக்கவேண்டும் என்று நேர்ஸ் சொன்னார்.

3. தொடாத ட்றே

ஒரு நாள் மத்தியானம் ட்றேயோடு ஈடாவின் அறைக்குள் போனேன். கண்ணாடியைத் துவாய் போட்டு மூடியிருந்தார். சட்டையின் கழுத்தோரம் கிழிந்திருந்தது. கால் வைக்கிற சின்ன ஸ்ரூலில், நிலத்தோடு நிலமாக இருந்தார். காய்ச்சல் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் துக்கம் காக்கிற விதம் அது. மொன்றியலில் அவருடைய தம்பி செத்துவிட்டார். அன்று காலை அடக்கமும் முடிந்துவிட்டதாம். கடைசியாக மிஞ்சியிருந்த சகோதரம். இவர் போகவும் முடியாது, இவரிடம் ஒருவர் வரவும் முடியாது. எல்லாம் ரெலிபோனில்தான்.

கதவைத் திறந்து விடச் சொன்னார். துக்கம் இருக்கிற இடத்துக்கு ஆட்கள் தட்டிக் கேட்டு வருவதில்லையாம். திறந்து விட்டேன். நேர்ஸ் வந்து மூடினார். ஈடா கத்தினார். நான் திறந்தேன். "இது காய்ச்சல் மாடி, செத்தவீடு இல்லை" என்று சொல்லி நேர்ஸ் திரும்பவும் மூடினார். அந்த நேர்ஸை எனக்கு அதற்கு முதலும் பிடிக்காது.

ட்றேயை ஈடா தொடவில்லை. அடக்கம் முடிந்தபின் சாப்பிடுகிற முதல் சாப்பாடு தன்னுடையதாக இருக்கக்கூடாதாம், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தரவேண்டுமாம். எங்களிலும் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலட்டை சமைத்துக் கொண்டுவரும். ஆகவே எனக்கு அது உடனே விளங்கியது. ஆனால் விளங்கி என்ன செய்ய? அவருக்குச் சீனி வருத்தம். பின்னேரச் சாப்பாட்டுக்குள் ஒன்றும் உள்ளே போகவில்லை என்றால் அம்புலன்ஸ் கூப்பிடுவேன் என்று நேர்ஸ் சொல்லிவிட்டார். அந்தக் குளிரில் எங்கள் மாடியிலிருந்து அம்புலன்ஸில் போன ஒருவரும் திரும்பி வரவில்லை. அது ஈடாவுக்கும் தெரியும்.

அவர்களுடைய குருவை, றபாய் என்பார்கள், நேர்ஸ் ரெலிபோனில் பிடித்துக் கொடுத்தார். வருத்தக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஈடா ரெலிபோனை வைத்துவிட்டு, "என்ரை செருப்புக்கு அந்தப் பெடியனை விட வயசு கூட" என்றார்.

நான் தருகிறேன் என்று ட்றேயை எடுத்து என் கையால் நீட்டினேன்.

"நீ சம்பளத்துக்கு வாறனி. நீ தந்தாலும் அது என்ரை ட்றேதான்" என்றார்.

எனக்குச் சுர்ரென்றது. முதுகு முறிய நான் இருபது அறைக்குச் சுமக்கிறேன், இவருக்கு என் கை போதாதாம். முகத்தை நீட்டிக்கொண்டு திரும்பினேன்.

அப்போது அவர் மெல்லச் சொன்னார். "அவன்ரை குழிக்கு ஒரு பிடி மண் நான் போடேல்லை. இந்த ஒண்டையாவது சரியாச் செய்ய விடு."

4. ஐந்தடி ஓடை

வெளியே, இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள நடைவழியில், எங்கள் பேச்சில் ஓடையில், கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றேன். எங்களோடு வேலை செய்த யோகம் அந்த வழியால் வந்தாள். தமிழ்ப் பிள்ளை, அங்கே வயோதிபர்களைப் பராமரிக்கும் எய்டாக இருந்தவள். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அயலட்டை வேணுமெண்டால் முன்னுக்குத்தானே இருக்குது" என்று பெசியின் கதவைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். யோசனை சொல்வது சுகம்.

கவுண் போட்டு, மாஸ்க் கட்டி, பெசியிடம் போனேன். பாதி இங்கிலீசும் பாதிக் கையும் போட்டு விசயத்தைச் சொன்னேன். தம்பி செத்தது என்றதும் பெசி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு கண்ணைத் திறந்து, "அவள் என்னைக் கேட்டவளோ?" என்றார்.

இல்லை என்றேன்.

"கேக்கட்டும். தாறன்."

கழற்றினேன், கழுவினேன், உடுத்தேன், ஈடாவிடம் போனேன். பெசியிடம் கேட்டால் தருவாராம் என்றேன். துக்கம் இருக்கிறவள் பிச்சை கேட்பதில்லை, தெரிந்தவர்கள் தாங்களாக வருவார்கள், அந்த மனிசிக்கு அது தெரியாமல் இல்லை என்று சொல்லு என்றார். கழற்றினேன், கழுவினேன், உடுத்தேன், பெசியிடம் போய்ச் சொன்னேன். ஒரு வருடம் முகம் பார்க்காதவளிடம் தானாகப் போய் நின்று அவமானப்படச் சொல்லுகிறாயா என்று பெசி என்னிடம் பாய்ந்தார். பழைய மீன் கதையையும் நான் இன்னொரு முறை கேட்கவேண்டி வந்தது.

ஓடை ஐந்தடி அகலம். அதைக் கடக்க ஒவ்வொரு முறையும் ஒரு கவுண். வாளி நிரம்பி வழிந்தது. கை தோல் வெடித்து எரிந்தது. மற்ற அறைக்காரர் மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஈடா ஸ்ரூலில் ஒரு பக்கம் சரியத் தொடங்கிவிட்டார். நேர்ஸ் தூரத்தில் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கடைசித் தரம் பெசியிடம் போனபோது எனக்கு வாயும் இல்லை, காலும் இல்லை. வயோதிபர்களின் அறைகளில் வேலைக்காரர் உட்காரக்கூடாது என்ற சட்டத்தையும் மறந்து அவருடைய கதிரையில் இருந்துவிட்டேன்.

"சரி அம்மா, மனம் வராட்டி விடுங்கோ" என்றேன். எங்களில் மரியாதையாகக் கதையை முடிக்கிற விதம் அது. மனமில்லாமல் செய்கிற புண்ணியம் புண்ணியமில்லை என்றுதான் நான் வளர்ந்தேன்.

பெசிக்கு வந்ததே கோபம். "மனமோ? மனத்தை ஆர் கேட்டது? எனக்கு அவளைப் பிடிக்காது. அவளைப் பிடிக்கவேணும் எண்டு எனக்கு ஒரு இடத்திலையும் சட்டமில்லை. துக்கம் இருக்கிறவளுக்குச் சாப்பாடு குடுக்கவேணும், அதுதான் சட்டம்."

சொல்லி முடித்தபிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் நிமிர்ந்தார். பிறகு எழும்பிப்போய் உடுப்பு லாச்சியைத் திறந்து, காலுறைகளுக்கு அடியிலிருந்து பேப்பர் நாப்கினில் சுற்றிய ஒன்றை எடுத்தார். காலைச் சாப்பாட்டில் வந்த அவித்த முட்டை. துக்கக்காரருக்குக் கொடுக்கிற முதல் சாப்பாடு முட்டைதானாம். இவர்தான் ஒளித்து வைத்த மீனைக் காட்டிக் கொடுத்தவர்.

கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "இது குடுத்தனுப்புற சாமான் இல்லை. நான் போகவேணும்."

5. கோது

அதுதான் எனக்குப் பயமாகிப் போனது. பெசிக்குக் காய்ச்சல் இல்லை. அந்த அறைக்குள் போய் ஒட்டிக்கொண்டால், அந்த வயதில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் வேலையும் போகும். ஓடையில் யோகம் நின்றாள். பெசியை எதிரறைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன்.

"உங்களுக்கு விசரோ அக்கா? நேர்ஸ் கண்டால் இண்டைக்கே வீட்டை போவியள்."

"அவ கண்டால் என்னைப் பேசட்டும். நீ அங்காலை போய் அவவோடை ஏதாவது கதை" என்றேன். நான் ஒருவருக்கு வேலை சொன்னது அன்றுதான் முதல் தரம். யோகம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பெசிக்குக் கவுண் போட்டேன். முதுகில் இரண்டு முடிச்சுப் போட்டேன். மாஸ்க்கை மூக்கில் அழுத்தி, கையுறை மாட்டி, கூட்டிக்கொண்டு போனேன்.

ஈடா தலை நிமிர்த்திப் பார்த்தார். எழும்பவில்லை. பெசி வணக்கமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை, கதிரையை இழுத்துக் கதவோரமாக இருந்தார். சண்டைதான் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவர்கள் முறைப்படி துக்கம் இருக்கிறவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. ஒரு வருடமாகப் பேசாத மனிசி முதல் வார்த்தை பேசவேண்டும். நல்ல முறை. நான் கடவுளே என்று சுவரில் சாய்ந்தேன்.

துக்கக்காரர் முட்டையைத் தானே உரித்துச் சாப்பிடவும் கூடாதாம். பெசி உரிக்கத் தொடங்கினார். கை நடுக்கம், அதற்கு மேலே ரப்பர் கையுறை. கோது துணுக்குத் துணுக்காக மடியில் விழுந்தது. வெள்ளையும் சேர்ந்து பிய்ந்தது. இரண்டு தரம் முட்டை வழுக்கியது. நான் உதவப் போனேன், பெசி தோளால் என்னை இடித்துத் தள்ளினார். ஓடையில் நேர்ஸின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பெசி அவசரப்படவில்லை. நாப்கினில் முட்டையை வைத்து நீட்டினார்.

ஈடா அதை வாங்கினார். பிறகு கடித்தார். மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"கோது கிடக்குது" என்றார். பெசியைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

"கண் தெரியாதவளிட்டை முட்டை வாங்கினால் கோதும் வரும்" என்றார் பெசி. பிறகு குரலை மாற்றி, "தம்பிக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

ஈடா பேரைச் சொன்னார். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அழுதுகொண்டே மிச்ச முட்டையையும் சாப்பிட்டார். நேர்ஸ் கதவில் வந்து நின்றார். என்னை ஏசுவதற்கு வாயைத் திறந்தவர், ஈடாவின் கையில் நாப்கினைப் பார்த்துவிட்டு, முட்டை முழுவதும் போகும்வரை பொறுத்திருந்தார். அதன்பிறகுதான் ஏசினார். நன்றாகவே ஏசினார்.

6. பிறகு

அம்புலன்ஸ் வரவில்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார். அடுத்த கிழமை பெசி இருமினார். விடிந்தால் முதலில் அவர் அறைக்குத்தான் ஓடினேன். அந்த இருமல் காய்ச்சலாக மாறாமல் போனது என் அதிர்ஷ்டம். கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம்.

துக்க நாட்கள் முடியும்வரை பெசி தன் கதவைத் திறந்து வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஈடா தன் வாசலில் ஸ்ரூலில் இருந்தார். ஓடை நடுவில் கிடந்தது. நேர்ஸ் கதவுகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். இனிச் சமாதானம்தானே என்று யோகம் கேட்டாள். எங்கே? துக்கம் முடிந்த அன்றே யாருடைய ரி.வி. சத்தம் கூட என்று தொடங்கிவிட்டார்கள். ஆனால் நேருக்கு நேர் சண்டை பிடித்தார்கள். எனக்குத் தூது போகிற வேலை இல்லாமல் போனது.

நான் அதுவரை, முதலில் மனம் சுத்தமாகவேண்டும், பிறகுதான் கை நீளவேண்டும் என்று இருந்தவள். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனாலும், எரிச்சலோடு கும்பிட்டால் பலனில்லை என்று திரும்பி வந்த நாட்கள் உண்டு. அந்த இரண்டு கிழவிகளும் என்னை அதிலிருந்து கழற்றிவிட்டார்கள். இந்த வேலையில் நீங்கள் கவனிக்கிற ஆள் உங்களுக்குப் பிடித்தவராக இருக்கமாட்டார். பிடிக்கட்டும் என்று காத்திருந்தால் அவர் பட்டினி கிடப்பார். முதலில் ட்றேயைக் கொண்டுபோங்கள்.

காய்ச்சல் அடங்குகிற நேரத்தில் அந்த நேர்ஸுக்கே வந்தது. மாற்றுக்கு ஆள் வரும்வரை வேலைக்காரர் அறையில் கோட்டைப் போர்த்துக்கொண்டு தனியே நடுங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் எட்டி நின்றார்கள். நான் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு மனம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.